கால் இருக்கச் சக்கர நாற்காலி ஏன்?

ஹனூரில் ரயில் நிலையம் கிடையாது. முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் பொறியாளராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் ரயில் சத்தமே கேட்காத ஊரில் வந்து அமர்ந்தவன் நான். சென்ற ஆண்டு சிங்கப்பூரிலுள்ள மகளைப் பார்க்கத் தனியாகப் புறப்பட்டேன். மனைவி இல்லாமல் போகும் முதல் நெடும் பயணம். மகளுக்குப் பயம். என்னிடம் கேட்காமலே எனக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிவு செய்துவிட்டாள்.

தண்டவாளத்தோரம் மைல் கணக்கில் நடந்து பழகிய கால்கள் இவை! "ஏம்மா இது?" என்று தொலைபேசியில் கேட்டேன். "பாஷை தெரியாம அலைய வேண்டாம்ப்பா, அவங்களே கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள்.

விமான நிலையத்தில் நாற்காலிக்குக் காத்திருந்த வரிசையைப் பார்த்தேன். பெரும்பாலோர் என்னைப் போல, பிள்ளைகள் பதிவு செய்து அனுப்பிய பெற்றோர். பெட்டியைத் தாமே தூக்கி வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு மூதாட்டி, வீங்கிய காலோடு சுவரைப் பிடித்து நின்றார். என் முறை வந்ததும் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நடந்தேன். வழி கேட்டுக் கேட்டுப் போனேன், போய்ச் சேர்ந்தேன்.

மூட்டுவலிக்காரர்கள் கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள். நான் சொல்வது, மொழிக்குப் பயந்து கால்களை முடமாக்கிக்கொள்வதைப் பற்றி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் போட் மெயிலும் கப்பலும் ஏறி நம்மவர்கள் கொழும்பு போனார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அதில் உண்டு. அவர்களை யார் தள்ளிக்கொண்டு போனார்கள்?

பிள்ளைகள் செய்ய வேண்டியது வேறு. ஒரு தாளில் பெரிய எழுத்தில் விமான எண், தங்கும் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் தேதி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அதிகாரி கேட்பது பெரும்பாலும் எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்பதுதான். அதற்கான பதிலை ஆங்கிலத்தில் அதன் கீழேயே எழுதுங்கள், நீட்டினால் போதும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் தமிழ் பேசுவார்கள், படிப்பது கன்னடம். அவர்களுக்குக் கன்னட எழுத்திலேயே எழுதுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை அங்கு போய்ச் சேருமுன் மூன்று நாட்களுக்குள் கணினியில் பதிந்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நெய்யும் ஊறுகாயும் பெரிய பெட்டியில் போகட்டும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் தை பிறந்ததும் அங்கே மகனிடம் போகிறார். தாள் எழுதிக் கொடுத்துவிட்டேன், நாற்காலியும் வேண்டாம் என்று சம்மதித்துவிட்டார். வெற்றிலைப் பையிலுள்ள புகையிலையை மட்டும் விடமாட்டாராம். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை என்று தினமும் சொல்கிறேன். "ஒரு துணுக்குதானே தம்பி" என்கிறார்.