மாடி வளரட்டும், தெரு சாகலாமா?

எல்.ஐ.சி. கட்டிடம் 1959-ல் திறந்தபோது ஊரே திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. 14 மாடி! வெளியூர்க்காரர்கள் மவுண்ட் ரோட்டில் நின்று விரல் விட்டு எண்ணிவிட்டுப் போனார்கள்.

இன்று எண்ணுவார் இல்லை. பெரம்பூர், வடபழனி, ஓ.எம்.ஆர். எங்கும் அதைவிட உயரமாகக் குடியிருப்புகள் நிற்கின்றன.

மாடியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஜனம் பெருகுது. மனை விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மேலேதான் போயாகணும்.

ஆனால் எப்படிக் கட்டுகிறார்கள்?

தெருவோரம் இரண்டு ஆள் உயர மதில். உள்ளே கார் நிறுத்த இரண்டு, மூன்று தளம். அதற்கு மேலேதான் வீடு. முன்பு அந்த முனையில் ஒரு டீக்கடை, இஸ்திரி வண்டி, பஞ்சர் கடை இருந்திருக்கும். ராத்திரி 10 மணிக்கும் வெளிச்சம், ஆள் நடமாட்டம். இப்போ மொட்டைச் சுவர். டியூஷன் முடிந்து வரும் பொம்பளைப் பிள்ளைகள் சுற்றுவழியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

மதிலுக்குப் பதில் தெருவைப் பார்த்துக் கடை வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? 20-வது மாடிக்காரருக்கும் பால் வேணும், சட்டைக்கு இஸ்திரி வேணும்!

அடுத்தது காற்று. பகல் சாயும்போது கிழக்கே இருந்து கடல்காற்று வரும். சென்னைக்காரனுக்குக் கோடையில் கிடைக்கும் ஒரே இலவசம் அதுதான். குறுக்கே ஒரே நீளமாகச் சுவர் எழுப்பினால் பின்தெரு ஓட்டு வீட்டுக்காரர் புழுங்கித்தான் சாகணும். தெருவை ஒட்டித் தாழ்வாக, உள்ளே தள்ளி உயரமாக, நடுவே இடைவெளி விட்டுக் கட்டலாம். என்ஜினீயர்களுக்குத் தெரியாததல்ல. காசு போடுகிறவர் கேட்பதில்லை.

மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. பல இடங்களில் அது வாட்ச்மேனைத் தாண்டிக் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. எந்தப் பொதுமக்கள் அங்கே போவார்கள்? வாசல் பக்கமே விடச் சொல்லுங்கள். ஒரு வேப்பமரம், நாலு பெஞ்சு போதும்.

2019 விதிகள், 18 மீட்டர் ரோடு இருந்தால் மனையைப் போல் 3.25 மடங்கு கட்ட இடம் கொடுத்தன. ரோட்டை அளந்தார்கள், சரி. 300 குடும்பத்தின் சாக்கடைத் தண்ணீர் எந்தக் குழாயில் போகும் என்று அளந்தார்களா?

பள்ளம் தோண்டுவதும் சாதாரண விஷயமல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டிடத்துக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு யார் ஜவாப்தாரி என்பதைக் கடப்பாரை விழுவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

சி.எம்.டி.ஏ. ஒரு காரியம் செய்யட்டும். அனுமதி கொடுப்பதற்கு முன் கட்டிடப் படத்தைத் தமிழில் விளக்கம் போட்டு அந்தத் தெருமுனையில் ஒரு மாதம் மாட்டி வைக்கட்டும். அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

செய்வார்களா?