அப்லோடு என்று ஒன்று இருக்கிறது

போன கார்த்திகைக் கடைசியில் நடந்தது இது. என் மனைவி சனி, ஞாயிறுகளில் சாயங்காலம் 7 மணிக்கு ஜூமில் பிள்ளைகளுக்குத் திருப்பாவை சொல்லிக் கொடுக்கிறாள். பதினோரு பேர். பெரும்பாலும் பெங்களூரு, இரண்டு பேர் சிங்கப்பூர், ஒரு பெண் நியூ ஜெர்சி. ஸ்ரீரங்கத்தில் 7 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 9.30, குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் காலை 8.30. எல்லோருக்கும் ஒத்துவந்த நேரம் அது ஒன்றுதான். பணம் எதுவும் வாங்குவதில்லை.

சந்தை முறை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிக் கொடுப்பவர் ஒரு அடியை ஒரு தடவை சொல்வார், பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லும். நடுவில் ஒரு சொல் காணாமல் போனாலும் கதை முடிந்தது. மூன்று வாரமாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. இவள் ஒரு அடியைச் சொல்லி முடித்து நிறுத்துவாள். அந்தப் பக்கம் பாதிப் பேர் பேசாமல் விழிப்பார்கள். "பாட்டி, நீங்க அப்படியே நிக்கறீங்க" என்பான் ஒருவன். இவளுக்குக் கோபம் வரும், ஏனென்றால் இவள் திரையில் எல்லாக் குழந்தைகளும் பளிச்சென்று தெரிகிறார்கள், அசைகிறார்கள், மூக்கைக்கூட நோண்டுகிறார்கள். கவனம் இல்லாமல் சாக்கு சொல்கிறார்கள் என்றே நினைத்தாள். ஒரு குழந்தையின் அம்மா, "உங்க நெட்டைக் கொஞ்சம் பாருங்கோ" என்று வாட்ஸ்அப்பில் எழுதிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றைக்கு ராத்திரி, "இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. இந்த மார்கழியோட நிறுத்திடறேன்" என்றாள். வகுப்பு ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. அவள் அதை லேசாகச் சொல்லவில்லை.

நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம். நம்பரை அழுத்து, மொழியை அழுத்து என்று எல்லாம் முடிந்து ஒரு பையன் வந்தான். "சார், நீங்க நூறு பிளான்ல இருக்கீங்க. இருநூறுக்கு மாறுங்க, எல்லாம் சரியாயிடும்." மாறினேன். மாதம் 650 ரூபாய் 950 ஆயிற்று. 18 சதவீத ஜிஎஸ்டியோடு பார்த்தால் 767 கொடுத்துக்கொண்டிருந்தவன் 1,121 கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். கூடுதலாகப் போனது மட்டும் 2,124 ரூபாய். அந்தச் சனிக்கிழமையும், "பாட்டி, நீங்க அப்படியே நிக்கறீங்க."

எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் மகன் பொறியியல் மூன்றாம் வருஷம். வந்து பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அப்லோடு எவ்வளவுன்னு பாத்தீங்களா தாத்தா?" பார்த்ததில்லை. ஸ்பீடு டெஸ்டில் பெரிய எழுத்தில் வரும் முதல் எண்ணைப் பார்த்துத் திருப்தியாகி மூடிவிடுகிறவன் நான். இரண்டாவது எண் வருவதற்குள் போனைக் கீழே வைத்திருப்பேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வேகத்தை அளக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் எம்பிபிஎஸ் என்று வரும். டாக்டர் படிப்பு மாதிரியே இருக்கிறது. அதனால் மெகாபிட் என்றே எழுதுகிறேன். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். போட்டோ, வீடியோவின் அளவெல்லாம் பைட்டில் சொல்வார்கள், கனெக்‌ஷனின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். நூறு என்று விளம்பரம் செய்தால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் என்று அர்த்தம். பெரிய எண்ணாகச் சொன்னால் கேட்கிறவனுக்கும் சந்தோஷம்.

பையன் மத்தியானம் அளந்தபோது டவுன்லோடு 186, அப்லோடு 4.7. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அளந்தபோது டவுன்லோடு 150-க்குக் குறையவில்லை, அப்லோடு 1.3. நூறு பிளானிலும் அப்லோடு இதேதான் இருந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. முந்நூறு ரூபாய் ஏற்றியது முழுவதும் கீழே இறங்கும் பாதைக்கு. எங்கள் வீட்டில் அது ஏற்கனவே காலியாகக் கிடந்த பாதை.

அந்த 4.7-லும் ஒரு பங்கை இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒன்றும் பின்கட்டில் ஒன்றுமாக என் மகன் இரண்டு கேமரா வைத்திருக்கிறான், வெளியூரிலிருந்து எங்களைப் பார்த்துக்கொள்ள. அவை இரவு பகலாகப் படத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். போதாததற்கு என் போன், எடுத்த போட்டோக்களை எல்லாம் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தள்ளியிருக்கும் வீடுகளில் இப்போது நாம் வாங்குவதைவிட அனுப்புவதுதான் அவசரமாக இருக்கிறது. டாக்டரோடு வீடியோவில் பேசினால் நம் முகம் அவருக்குத் தெரிய வேண்டும். ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். பேரன் பிறந்தநாளுக்கு நாம் பாடுவது அங்கே கேட்க வேண்டும்.

டவுன்லோடு குறைந்தால் நமக்கே தெரியும். சீரியல் பாதியில் நின்று வட்டம் சுற்றும், உடனே கம்பெனியைத் திட்டுவோம். அப்லோடு குறைந்தால் தெரிவது எதிர்ப்பக்கத்துக்கு மட்டும். அவர்கள் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள், அல்லது பெரியவர்களுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நாமும் அப்படியே நினைத்துக்கொள்வோம். என் மனைவி நினைத்தாளே.

ஏன் இப்படி ஓரவஞ்சனை என்று தேடிப் படித்தேன். 2005 வாக்கில் நம் வீடுகளுக்கு பிராட்பேண்டு வந்தது தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்று ஒரு பிளான் இருந்தது, அதற்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் ஏடிஎஸ்எல். அதில் முதல் எழுத்தான 'ஏ' குறிப்பதே சமமில்லாதது என்பதைத்தான். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற மேம்பட்ட வகையில்கூட இறங்குவது 24 மெகாபிட் வரை, ஏறுவது ஒன்று, ஒன்றரைக்குள். வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், படிப்பார்கள், எதையும் பெரிதாக அனுப்ப மாட்டார்கள் என்ற கணக்கு. அன்றைக்கு அது நியாயமான கணக்குதான். கேபிள் டிவி வயரில் வரும் இன்டர்நெட்டும் அந்த ஜாதிதான். வீட்டுக்குள் வரும் சேனல்களுக்காகப் போட்ட வயர் அது. அதில் பெரும் பகுதி கீழே வருவதற்கு, ஓரமாகக் கொஞ்சம் இடம் மேலே போவதற்கு. எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது இந்த வகை.

ஃபைபர் வேறு. பெரும்பாலும் போடப்படும் ஜிபான் என்ற முறையில் ஒரு இழையில் கீழே நொடிக்கு 2.5 கிகாபிட், மேலே 1.25 கிகாபிட். அதைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். அங்கேயும் பாதிதான், ஆனால் அந்தப் பாதியே தாராளம். எல்லா வீடும் ஒரே நொடியில் எதையும் ஏற்றுவதில்லை. அதனால் ஃபைபரில் இறங்குவதும் ஏறுவதும் சமமாகக் கொடுக்க முடிகிறது, கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாசலுக்கு வந்து "ஃபைபர்தான் சார்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். தெருமுனை வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய கேபிள் வயர் என்றும் இருக்கிறது. எங்களிடமும் ஃபைபர் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சரி, எவ்வளவு வேண்டும்? ஜூம் சொல்லும் கணக்குப்படி 720 தரத்தில் பலர் சேர்ந்து பேசுவதற்கு மேலே 2.6 மெகாபிட் போதும். நெட்ஃப்ளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு 5, மிக உயர்ந்த 4கே தரத்துக்கு 15 கேட்கிறது. எங்கள் வீட்டில் ஒரு டிவி, இரண்டு போன், ஒரு லேப்டாப், அந்த இரண்டு கேமரா. எல்லாம் ஒரே சமயத்தில் ஓடினாலும் 30 மெகாபிட்டைத் தாண்டாது. நாங்கள் எதற்கு இருநூறு வாங்கினோம்? பக்கத்து வீட்டில் முந்நூறு என்கிறார்கள். அங்கே இருப்பதும் இரண்டு பேர்தான். அவர்கள் சொல்லும் காரணம், பதினைந்து ஓடிடி இலவசம் என்பது. அதில் எத்தனை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். யூடியூப்பில் பழைய பாட்டு என்றார். அதற்குச் சந்தாவே வேண்டாம்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தணிக்கைக்காரர், இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கூடுதலா இருந்தா என்னய்யா கெட்டுது? லீவுக்குப் பிள்ளைங்க வந்தா ஆளுக்கு ரெண்டு போன், ஒரு லேப்டாப். மாப்பிள்ளை இங்கேயிருந்தே ஆபீஸ் பாக்கறார்." அந்த மாதத்துக்கு அது சரி. பல கம்பெனிகளில் பிளானை ஏற்றிக்கொள்ளலாம், பிறகு இறக்கிக்கொள்ளலாம். கோடை லீவில் ஒரு மாதத்துக்காகப் பன்னிரண்டு மாதமும் கட்டுவது ஒரு தணிக்கைக்காரருக்கு எப்படிச் சரியாகப் படுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். அதில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. 2004-ம் வருஷக் கொள்கையில் 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்டு என்றார்கள். 2013-ல் 512 ஆக்கினார்கள். 2023-ல் 2 மெகாபிட். மூன்றிலுமே சொன்னது குறைந்தபட்ச டவுன்லோடு வேகத்தை மட்டும். அமெரிக்காவில் 2015-லேயே இறங்க 25, ஏற 3 என்று இரண்டையும் சேர்த்து வரையறுத்துவிட்டார்கள். 2024-ல் அதை 100, 20 என்று உயர்த்தினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். விளம்பரத்தில் 200 என்று ஒரு முழ எழுத்தில் போடுகிறவர், பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அப்லோடு 5 என்றும் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும். அந்த எண்ணைப் பார்த்திருந்தால் நான் அந்த பிளானை வாங்கியிருக்க மாட்டேன்.

விதி வரும்வரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் இரண்டாவது கனெக்‌ஷன் எடுத்தபோது வந்த பையனிடம், அப்லோடு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு அனுப்பினான். 50 இறங்கும், 50 ஏறும், மாதம் 450, வரியோடு 531. பழையதற்குக் கட்டியதில் பாதிகூட இல்லை. வீட்டுக்குள் வரும் வயர் மெல்லிய கண்ணாடி இழைதானா என்று மாடிப் பையனை வைத்துப் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அளந்தோம். இறங்க 48, ஏற 47.

ரௌட்டரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி. முன்பு டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். இப்போது கூடத்து நடுவில், உயரத்தில் இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை. பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் வேலை செய்தது நினைவிருக்கும், எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் வந்தது. ஃபைபரில் அது கிடையாது, நம் வீட்டுக் கரண்ட் போனால் எல்லாம் போயிற்று. ரௌட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

மார்கழி முப்பது நாளும் தினம் ஒரு பாசுரமாக வகுப்பு நடந்தது. நின்றுபோனது ஒரே ஒரு நாள், அதுவும் சிங்கப்பூர்ப் பிள்ளை வீட்டில். இப்போது படம் தெளிவாகப் போவதால், பின்னால் கொடியில் தொங்கும் என் துண்டு பதினோரு வீட்டிலும் தெரிகிறதாம். 6.45-க்கே அதை எடுத்து வைக்கச் சொல்கிறாள். பழைய கம்பெனியின் முன்பணத்தில் மிச்சம் நான்கு மாதம் இருக்கிறது. திருப்பித் தர விதி இல்லை என்கிறார்கள். அந்த விதியை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.