இயந்திரத்தைப் பிடிப்பவரின் மொழி

தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும், பாலக்காட்டு நெல்லியாம்பதி மலையிலும், சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலும் களையெடுப்பு மாறிவருகிறது. அரிவாளும் மண்வெட்டியும் இருந்த இடத்தைப் பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தோளில் மாட்டிச் சரிவில் நிற்போரில் பலர் தமிழர். இயந்திரத்தோடு வரும் கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. இதைச் சிறு குறையாகக் கருதுவது பிழை. இந்த இடைவெளி உடலுறுப்பை இழக்கச் செய்யும் அளவுக்குப் பெரியது.

இக்கருவியின் ஆபத்துகளில் பல கண்ணுக்குப் புலப்படாதவை. சுழலும் தகட்டைக் கடிகார முகமாகக் கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட விளிம்பு கல்லிலோ கட்டையிலோ பட்டதும் இயந்திரம் உதைத்துத் திரும்பும். விசையை விட்ட பின்னரும் தகடு சில நொடிகள் சுழலும். சிக்கிய கொடியை அப்போது கையால் எடுக்க முனைவது விரலைப் பறிக்கும். தெறிக்கும் கல்லுக்கு அஞ்சியே பிறர் 15 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று கையேடுகள் விதிக்கின்றன. பெட்ரோல் சுழியத்துக்கு ஏறத்தாழ 40 பாகை கீழேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். மூணாற்றுக் குளிர் அதற்குத் தடையன்று. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு படரும். எஞ்சின் ஆறுமுன் எரிபொருள் ஊற்றுவதும், ஊற்றிய இடத்திலேயே இயக்குவதும் தீயை அழைப்பதாகும். நாள்தோறும் தாங்கும் அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து அவற்றை வெளிறி மரத்துப்போகச் செய்யும். குளிர் அதை மேலும் தூண்டும். மலைத் தோட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றுசேர்கின்றன.

‘பார்த்துப் பழகினால் போதாதா?’ என்று கேட்கப்படுவதுண்டு. இயக்குவதைப் பார்த்துப் பழகலாம். அரிதாக நிகழும் விபத்தை அவ்வாறு பழக முடியாது. இயந்திரம் உதைப்பதை அனுபவத்தால் கற்பவர் அதற்குக் கொடுக்கும் விலை ஒரு காலாக இருக்கக்கூடும். எல்லைப்பகுதித் தமிழர் மலையாளம் அறிவர் என்பது இன்னொரு வாதம். பேச்சைப் புரிந்துகொள்வதும், தொழில்நுட்ப எச்சரிக்கையை எழுத்தில் வாசிப்பதும் வெவ்வேறு திறன்கள் என்பதை மொழியியல் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இக்கோரிக்கைக்குச் சட்ட முன்மாதிரி உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 108ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. தேயிலை ஆலைக்குள் ஏற்கப்பட்ட அந்நெறி, ஆலைக்கு வெளியே உள்ள சரிவில் பொருந்தாமற் போனதற்குத் தக்க காரணமில்லை. பூச்சிமருந்துக் கலன்களில் வட்டார மொழிகளும், நஞ்சின் கடுமையை உணர்த்தும் வண்ண முக்கோணமும் இடம்பெறுகின்றன. அதே கொட்டகையில் பக்கத்தில் நிற்கும் இயந்திரம் மட்டும் ஏன் விதிவிலக்காக வேண்டும்? 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த வழிசெய்கிறது. மொழியுரிமை மனுவோடு நின்றுவிடாமல் தொழிற்களத்துக்கும் வர வேண்டும்.

எனினும், ஆங்கிலக் கையேட்டை இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டு எடுப்பது தீர்வாகாது. ‘சோக்’ என்பது மூச்சுத்திணறலாகவும், ‘கிக்பேக்’ என்பது கையூட்டாகவும் மாறினால் நகைப்பு மிஞ்சும், விரல் மிஞ்சாது. தூய சொல்லாக்கமும் உதவாது. பட்டறையிலும் தோட்டத்திலும் வழங்கும் ‘சோக்’, ‘பிளேடு’, ‘பெல்ட்’ ஆகியவற்றை அப்படியே கொண்டு, வினைகளை நேரான ஏவலில் அமைப்பதே தக்கது: “எஞ்சினை நிறுத்து. பிளேடு நிற்கும்வரை காத்திரு. பிறகு தொடு.” இவ்வரிசை மாறக்கூடாது. எழுத்தறியாதவருக்காகப் படங்களும் ஒலிப்பதிவும் வேண்டும். படங்களும் தாமாகப் பொருள் தருவதில்லை. ஆகவே அவற்றையும் தொழிலாளரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும்.

சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த்துறையும் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் இதைக் களப்பணியாக ஏற்கலாம். நான்கு பக்கக் கையேடு ஓர் ஆய்வேட்டின் ஓர் இயலைவிடக் குறைந்த உழைப்பையே கேட்கும். அதனை அச்சிட்டு, கண்ணாடி, காதுறை, காலுறைப் பாதுகாப்பு ஆகியவற்றோடு வழங்குவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. தொழிலாளி கவனமாக இருப்பதால் மட்டும் 15 மீட்டர் இடைவெளி உருவாகாது. கொழுந்து பறிக்கும் வரிசையையும் களைவெட்டும் வரிசையையும் பிரித்து வேலை ஒதுக்குபவரே அதை உருவாக்க இயலும்.

இது தமிழுக்கு மட்டுமான கோரிக்கையன்று. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இம்மலைகளுக்கு வேலைதேடி வருவோருக்கும் இந்நெறி பொருந்தும். எச்சரிக்கை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதை விற்பவரின் வசதியோ மாநிலத்தின் பெரும்பான்மையோ தீர்மானிக்கலாகாது. இயந்திரத்தைப் பிடித்திருக்கும் கை எவருடையதோ, அவருடைய மொழியே அதைத் தீர்மானிக்க வேண்டும்.