மலையின் வயதை மணலிடம் கேளுங்கள்!

“இமயம் எழுந்ததைக் கண்டவர் யார்?” என்று கேட்டுவிட்டு, வாதத்தில் வென்றுவிட்டதாகவே வாய்விட்டுச் சிரிக்கின்றனர் சிலர். கண்டவர் இல்லை; உண்மை. மனிதன் தோன்றுமுன் நடந்ததை மனிதன் எங்ஙனம் கண்டிருப்பான்? ஆனால், கண்டவரில்லை என்று ஆராய்ச்சியைத் தள்ளும் அதே பெருமக்கள், கண்டவரே இல்லாத கதைகளைக் கைகூப்பி ஏற்கின்றனரே! இது எந்த ஊர் நியாயம்?

சாட்சி வேண்டுமா? நிறுத்துகிறோம். விரல் நுனியில் ஒட்டும் மணலே நம் சாட்சி!

மலை உயர உயர மழையும் பனியும் அதனை அரிக்கின்றன. அரித்ததை ஆறு சுமக்கிறது. அடிவாரத்தில் குவிந்து இறுகியது சிவாலிக் குன்றுகளாயிற்று. கடலைச் சேர்ந்தது, வங்கக் கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்திற்கு விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. 2015இல் ஆய்வுக் கப்பலொன்று, இலங்கைக்குக் கிழக்கே அக்கடலடியைத் துளைத்து, இமயத்தின் துகளை மேலே கொணர்ந்தது. கரைந்த மலை காணாமற் போய்விடவில்லை. கணக்கெழுதி வைத்துவிட்டே போயிருக்கிறது!

அந்தக் கணக்கர்களுள் தலையாயது சிர்க்கான் என்னும் கனிமம். ஆறு உருட்டினாலும் அழியாத உறுதி அதற்கு. பாறைக் குழம்பில் பிறக்கும்போது யுரேனியத்தை ஏற்கும், காரீயத்தை ஏற்காது. ஆகவே, பின்னாளில் அதனுள் காணப்படும் காரீயம், யுரேனியம் சிதைந்து விளைந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். யுரேனியம் 235க்கு ஏறத்தாழ 70 கோடி. ஒரே துகளுக்குள் இரு கடிகாரங்கள்! இரண்டும் ஒத்தால் ஏற்கிறோம், ஒவ்வாவிடில் ஐயுறுகிறோம். காரீயத்தைக் கொண்டு பாறையின் வயதை அளக்கும் முறையை 1911இலேயே கையாண்டு காட்டினார் ஆர்தர் ஹோம்ஸ்.

“இமயத்து மணலிலே 180 கோடி ஆண்டுத் துகளும் உண்டாமே! அப்படியானால் இமயத்தின் வயதும் அதுதானோ?” என்று மடக்குவர். துகள் பிறந்தது வேறு, மலை உயர்ந்தது வேறு. துகளின் பிறந்த நாள், அது எந்தப் பாறைக்குரியது என்னும் முகவரியைத் தரும். திபெத்தின் தெற்கே, பண்டை இந்தியக் கண்டத்தின் ஓரமாயிருந்த இடத்தில், ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த அடுக்குகளிலே, ஆசியக் கரையின் முகவரி கொண்ட சிர்க்கான் கிடைத்திருக்கிறது. இடையே ஆழ்கடல் அகன்று கிடந்திருந்தால் அந்த மணல் எப்படி வந்தது? கடல் ஒடுங்கியது, கண்டங்கள் நெருங்கின. மணல் அதற்குச் சான்று.

மலை உயர்ந்த வேகத்தையும் மணல் சொல்லும். சிர்க்கானுக்குள் யுரேனிய அணுக்கருக்கள் சில தாமாகவே பிளந்து தழும்பை விடுகின்றன. ஏறத்தாழ 240 பாகை வெப்பத்திற்கு மேல் அத்தழும்பு ஆறிவிடும்; குளிர்ந்தால் நிலைக்கும். எனவே தழும்பை எண்ணினால், ஆழத்திலிருந்து துகள் மேலேறிக் குளிர்ந்த காலம் தெரியும். பாகிஸ்தான் பகுதிச் சிவாலிக் மணற்பாறைகளை ஆராய்ந்த முடிவு 1988இல் வெளியாயிற்று. கடந்த 1.8 கோடி ஆண்டுகளில் படிந்த அடுக்குகள் அவை. ஒவ்வோர் அடுக்கிலும், அது படிவதற்கு 10 முதல் 50 இலட்சம் ஆண்டுகளே முன்னதாகக் குளிர்ந்த துகள்கள் இருந்தன. பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, அரிபட்டு, ஆற்றில் உருண்டு, அடிவாரம் சேர அவ்வளவே காலம்! அசையா மலை என்று போற்றப்பட்ட இமயம், அன்றும் விரைந்து எழுந்தது, விரைந்தே தேய்ந்தது.

எதிரிகளை மட்டும் சாடி நாம் ஓய்ந்துவிடலாகாது. “5 கோடி ஆண்டு” என்று பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கிறான். நாமும் மேடையிலே முழங்குகிறோம். எப்படித் தெரியும் என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வோம்? சான்றறியாமல் சொல்லும் எண், அறிவியலின் சட்டை போட்ட புராணமே! மனப்பாடம் செய்த உண்மையை, நாளை மற்றொருவன் வேறு பாடம் புகட்டி எளிதில் பறித்துவிடுவான். சான்றோடு கற்ற உண்மையைப் பறிக்க எவனாலும் இயலாது.

ஆகவே, எண்ணைச் சொல்லும் ஆசிரியர், அதைத் தந்த மணலையும் காட்டட்டும். “எப்படித் தெரியும்?” என்று கேட்கும் மாணவனை அதட்டாதீர்கள், அருகில் அழைத்து அமர்த்துங்கள். அவனுக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கிறது. ஒவ்வொரு மணற்பாறையிலும் இருக்கிறது!