சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள்



விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது வளவனூர். 1917-ல் அங்கே பிறந்தவர் எஸ். ராமநாதன். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்த அறிஞர்; சங்கீத கலாநிதி. வாய்ப்பாட்டோடு வீணையும் கைவந்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் வீணை கற்க வந்தவர்களில் ஒருவர், அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். மார்கழி இதழில் ஜாஸுக்கும் கிடாருக்கும் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

அந்த மெக்லாஃப்லின் மின்சாரக் கிடாரை ஓரமாக வைத்துவிட்டு, மரக் கிடாரோடு நம்மவர்கள் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். வயலினுக்கு எல். சங்கர், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன், தபலாவுக்கு ஜாகிர் உசேன். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் அவர்கள் நடத்திய கச்சேரிதான் ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு. கிப்சன் நிறுவனத்தில் இருந்த ஆபிரகாம் வெக்டர் மெக்லாஃப்லினுக்கென்றே ஒரு கிடார் செய்து தந்தார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்ததால் தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் கொண்டுவர முடிந்தது. ஆறு தந்திகளுக்கு அடியில், குறுக்கே, தானே அதிர்ந்து ரீங்கரிக்கும் தந்திகள் வேறு. வீணையைத் தொட்டுப் பழகிய விரல்கள் கேட்ட கிடார் அது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இசையைக் கேட்க நம் ஊரில் கருவிக்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ‘அசெம்பிள் செட்’ உள்ள வீட்டைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 5200–1943 டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயர் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்து, தாமே சால்டர் வைத்து, ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று கட்டிக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். அந்தக் கைத்திறன் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது. அடுத்த சில வருடங்களில் ‘டி.டி.எஸ்.’ என்ற எழுத்துகள் போஸ்டரில் நாயகன் பெயருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தன. தியேட்டரில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவரத் துடித்த தலைமுறை கற்றுக்கொண்ட வித்தை இது. ஆனால் அந்த செட்டில் பெரும்பாலும் ஓடுவது சண்டைக் காட்சியும், ஜன்னல் கம்பி அதிரும் பாஸும்தான். எனக்கு இதில்தான் மனக்குறை.

கிடாரின் தடித்த தந்தி எழுப்பும் ஒலி 82 ஹெர்ட்ஸ். சப்வூஃபருக்கு வழக்கமாகப் பிரித்துவிடுவது 80-க்குக் கீழே உள்ளதை. அதாவது தனிக் கிடார் ஒலிக்கும்போது அந்தப் பெரிய பெட்டிக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. அப்போது மற்ற ஐந்து ஸ்பீக்கர்கள் என்ன செய்கின்றன? ஒரு கூடத்தையே நம் வீட்டுக்குள் கட்டுகின்றன. கச்சேரிக் கூடத்தில் வாசிப்பவரின் ஒலி முன்னாலிருந்து நேராக வருகிறது. நமக்குப் பத்து மீட்டர் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, அதற்கு 58 மில்லி நொடி பிந்தி வந்து சேர்கிறது. இந்தச் சின்னத் தாமதத்தை வைத்தே நம் மூளை கூடத்தின் அளவைக் கணித்துவிடும். இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவில் அந்த எதிரொலியும் முன்னாலிருந்தே வந்தாக வேண்டும். நம்மைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்த சரவுண்டில் அது வரவேண்டிய திசையிலிருந்தே வருகிறது.

அமெரிக்காவின் ஏ.ஐ.எக்ஸ். நிறுவனம் சரவுண்டுக்காகவே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுகள் செய்தது. பால் மெக்கார்ட்னியின் ‘விங்ஸ்’ குழுவில் வாசித்த லாரன்ஸ் ஜூபரின் ‘கிடார் நுவார்’ அவற்றில் ஒன்று. இந்த நிறுவனத்தின் தட்டுகளில் ஒரே இசையை ரசிகர் இருக்கையிலிருந்தும் கேட்கலாம், மேடை நடுவிலிருந்தும் கேட்கலாம். நம் சபாக்களில் தம்புரா மீட்டும் சிஷ்யர்கள் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்களே, கிட்டத்தட்ட அந்த இடம். எனக்குப் பிடித்தது ரசிகர் இருக்கைதான். வாத்தியங்கள் தலையைச் சுற்றி வந்தால் வியப்பு மேலோங்கி, ராகம் பின்னுக்குப் போய்விடுகிறது. பிட், ஹெர்ட்ஸ் கணக்கை விட, மைக்கை எங்கே வைத்தார்கள் என்பதே முக்கியம் என்றும் சொல்வேன். சிடியின் 16 பிட்டிலேயே நல்ல பதிவு நன்றாகத்தான் கேட்கும்.

நம் வீடுகளுக்குச் சில யோசனைகள். சரவுண்ட் ஸ்பீக்கர்களைப் பின்சுவர் மூலையில், கூரையை ஒட்டி மாட்டாதீர்கள். காதுக்குச் சற்றே பின்னால், இரு பக்கமும், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தை ஒட்டி வையுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஜமக்காளம் விரியுங்கள், ஒரு பக்கம் கனமான திரை தொங்கட்டும். ‘சக்தி’ போன்ற பழைய பதிவுகள் இரண்டு ஸ்பீக்கருக்காகச் செய்தவை. அவற்றை ஆறாகப் பிரித்துப் பரப்பாமல் ஸ்டீரியோவிலேயே கேளுங்கள். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். விரல் தந்தியில் சறுக்கும் ஓசையை முதலில் விழுங்குவது அதுதான். சித்திரை வெயிலில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மார்கழி இரவில் சொல்லலாம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் குடியிருக்கும் திண்டிவனத்து வாசகர்கள் ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தயங்குபவர்கள், 1982-ல் வந்த ‘இளைய நிலா’வின் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். பிறகு ‘சக்தி’க்கு வாருங்கள். விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி எழுப்பும் கும்காரத்துக்கு உங்கள் சப்வூஃபரும் கொஞ்சம் கைகொடுக்கும். கேட்டதை எங்களுக்கு எழுதுங்கள். செட்டைக் கட்டித் தந்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தை இதழில் அவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்