சீரமும் ஆச்சியின் எலுமிச்சையும்

கோடை விடுமுறையில் அக்காவின் வைட்டமின் சி சீரத்தை நானும் பூசிப் பார்த்தேன். என் நிறம் மாறவில்லை. சீரத்தின் நிறந்தான் மாறியது! மூடியைச் சரியாக மூடாமல் சன்னலோரம் வைத்திருந்தேன். பாளையங்கோட்டை வெயில் சும்மா விடுமா? இரண்டே வாரத்தில் தேன் நிறம். வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்டால் அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனேற்றமடைந்து வீணாகிவிடும்.

"அதுக்கு எலுமிச்சம்பழத்தத் தேய்க்க வேண்டியதுதானட்டி" என்றாள் ஆச்சி. புளியங்குடிப் பழத்துக்கா பஞ்சம்? ஆனால் அந்தச் சாற்றோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கருத்துவிடும். அதைச் சோற்றில் பிழிந்து உண்பதே மேல்.

சீரம் வீண் என்று நான் கூறவில்லை. 10 முதல் 20 விழுக்காடு உள்ளதைக் காலையில் பூசி, மேலே சன்ஸ்கிரீனும் இட்டால் வெயிலின் கேட்டைச் சற்றுத் தணிக்கும். பருத் தழும்பின் கருமையும் மெல்லக் குறையும். எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் நம்மில் பலர் வாங்குவது சிவப்பாவதற்கு அல்லவா! 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கூட 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. நம் வீட்டுப் பேச்சு மட்டும் மாறவில்லை.

பெற்றோர்களே, ஓட்டப் பயிற்சி முடிந்து வரும் மகளிடம், "ஏட்டி, என்ன இப்படிக் கறுத்துட்ட?" என்கிறீர்களே, எத்தனை மீட்டர் ஓடினாள் என்று கேட்கலாகாதா?