வெள்ளி ஜாடியும் கங்கா ஜலமும்

ஜெய்ப்பூர் அரண்மனையில் இரண்டு பெரிய வெள்ளி ஜாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 345 கிலோ எடை, ஆள் உயரம். வெள்ளி நாணயங்களை உருக்கி, பற்றாசு வைத்து ஒட்டாமலேயே அடித்து உருவாக்கினார்கள். இது தட்டார்களின் கைத்திறன். இதை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால் இந்த ஜாடிகளுக்குக் கிடைத்த வேலை என்ன? 1902-ல் 7-ம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போன மாதோ சிங் மகாராஜா, சீமைத் தண்ணீர் பட்டால் ஆசாரம் கெட்டுவிடுமென்று, இவற்றில் கங்கா ஜலத்தை நிரப்பிக் கப்பலேற்றினார்!

நாம் கேட்கிறோம்: அந்நிய அரசனுக்குத் தலை வணங்கினால் தீட்டில்லை, அவன் ஊர்த் தண்ணீரைக் குடித்தால் மாத்திரம் தீட்டா? கடல் தாண்டக்கூடாதென்ற சாஸ்திரம், ஏழை கப்பலேறினால் ஜாதியை விட்டே தள்ளும்; மகாராஜா ஏறினால் ஒரு ஜாடியோடு சமாதானமாகி விடுமா? அப்படியானால் தீட்டைத் தடுத்தது ஜலமா, பணமா?

ஜலத்தில் மகிமை ஏதுமில்லை. மகிமையெல்லாம் சம்மட்டி பிடித்த கையில்தான் இருக்கிறது. தோழர்களே, உங்கள் வீட்டு வெள்ளிச் சொம்பையும் அதன் சித்திர வேலைக்காகக் கொண்டாடுங்கள். அதிலுள்ள தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். தாகத்தோடு வருகிறவன் எந்த ஜாதியானாலும் அதிலேயே கொடுங்கள்.